கேப்டன் எகிறிய சுவரும் என் இடது கையும்

என் இடது கை முழுதாக நீளாது. முழங்கையில் கொஞ்சம் மடங்கியேதான் நிற்கும். சட்டை தைக்கிற டெய்லர் இரண்டு கைக்கும் தனித்தனியாக அளவெடுப்பார். கேட்பவர்களிடம் தறியில் அடிபட்டது என்று சொல்லிவிடுவேன். அது பொய். விஜயகாந்தைப் பார்த்துச் சுவரில் எகிறி உதைக்கப் போய் உடைந்த கை இது.

எங்கள் ஊர் நகரி. வடக்கே பார்த்தால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிற மலை, கீழே தெருவுக்குத் தெரு விசைத்தறி. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது. நகரியும் புத்தூரும் சித்தூரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. அதனால் எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, தறிக் கொட்டகையில் இரண்டும் கலந்த ஒன்று. பஸ் ஏறினால் அரை மணி சொச்சத்தில் திருத்தணி. தமிழ்ப் படத்தைத் தமிழிலேயே பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். உள்ளூரில் வந்தால் பெரும்பாலும் தெலுங்கு பேசிக்கொண்டு வரும்.

நான் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டது சினிமா போஸ்டரில். திருத்தணி பஸ் ஸ்டாண்டு சுவர்தான் எனக்குக் கரும்பலகை, சித்தப்பாதான் வாத்தியார். தெலுங்கில் ஒரு மெய்யோடு இன்னொரு மெய் சேர்ந்தால் கீழே ஒட்டவைப்போம். தமிழில் தலையில் புள்ளி வைத்துத் தனியாக நிறுத்திவிடுகிறார்கள் என்பது ‘கேப்டன்’ என்ற சொல்லில்தான் எனக்குப் புரிந்தது. அடுத்த சொல் ‘பிரபாகரன்’. தெலுங்கில் ப-வுக்கு நான்கு எழுத்து, நான்கு ஒலி. இங்கே ஒன்றே ஒன்று. நான் எல்லாவற்றையும் ‘பட்டம்’ என்பதில் வருகிற ப-வாகவே நினைத்து அழுத்தி வாசித்தேன். சித்தப்பா பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். “டேய், அவரு பேரு பிரபாகரன்டா. நம்ம ஸ்கூல் வாத்தியாரு பிரபாகர் ராவ் மாதிரி சொல்லு.” எழுத்து ஒன்றாக இருந்தாலும் வாய் இடம் பார்த்து மாற வேண்டும் என்ற கணக்கு அன்றைக்குப் பிடிபட்டது. இன்றைக்கும் எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், அரிச்சுவடியோடு ஒரு போஸ்டரையும் வாங்கிப் போங்கள் என்றுதான் சொல்வேன். பெரிய எழுத்து, தெரிந்த முகம், ஏற்கெனவே காதில் விழுந்த பெயர். பாதி வேலை முடிந்துவிடும்.

அந்தப் போஸ்டர் ‘கேப்டன் பிரபாகரன்’, 1991 தமிழ் வருடப் பிறப்புக்கு வந்த படம். விஜயகாந்தின் நூறாவது படம். அதற்கப்புறம்தான் அவர் எல்லோருக்கும் ‘கேப்டன்’ ஆனார். எனக்குப் பதின்மூன்று வயது. படம் முடிந்து ஊர் திரும்பியதும் கொட்டகையின் பின்சுவரைப் பார்த்தேன். சுவரும் என்னைப் பார்த்தது.

அந்த உதையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எதிராளி பின்னால் துரத்தி வருவான். இவர் சுவரை நோக்கி ஓடுவார். ஒரு காலைச் சுவரில் ஊன்றி, ஊன்றிய வேகத்திலேயே உடம்பைத் திருப்பி, அடுத்த காலால் வருகிறவன் நெஞ்சில் விடுவார். பார்க்க ஒரே அசைவு மாதிரி இருக்கும். உண்மையில் அதில் நான்கு வேலை இருக்கிறது: ஓடி வருகிற வேகம், சுவரில் பாதம் வழுக்காமல் பிடிப்பது, இடுப்பைத் திருப்புவது, அப்புறம் கீழே இறங்குவது. முதல் மூன்றைத்தான் நான் யோசித்தேன். இறங்குவதை யோசிக்கவேயில்லை.

அதோடு சுவருக்கு அந்த வாரம்தான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். காலில் தேய்ந்துபோன ஹவாய் செருப்பு. ஓடினேன், ஊன்றினேன். செருப்பு மேலே போனது, நான் கீழே போனேன். விழும்போது எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன், கையை நீட்டி ஊன்றினேன். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு போனது. எதிராளியாக நிற்க வைத்திருந்த மாமா பையன் என்னைத் தூக்குவதற்குப் பதிலாக, “கேப்டன் விழுந்துட்டாரு, கேப்டன் விழுந்துட்டாரு” என்று தெருவெல்லாம் ஓடினான்.

எலும்பு முறிவு என்றால் எங்கள் பக்கம் யாரும் யோசிப்பதில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஜனங்கள் தேடி வருகிற புத்தூர்க் கட்டு, எங்களுக்குப் பக்கத்து ஊர். சித்தப்பா டிவிஎஸ் 50-இல் உட்காரவைத்துக் கொண்டுபோனார். வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் கத்தியது இப்போதும் நினைவிருக்கிறது. அங்கே விரலாலேயே தடவிப் பார்த்து, இழுத்து நேராக்கி, பச்சிலை அரைத்ததையும் முட்டையின் வெள்ளைக்கருவையும் பூசி, மூங்கில் தப்பை வைத்துத் துணியால் கட்டினார்கள். மறுபடி எப்போது வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

நான் போகவில்லை. மே மாத வெயில், உள்ளே அரிப்பு, தெருவில் கிரிக்கெட். பதினைந்தாவது நாள் நானே பிளேடால் துணியை அறுத்துவிட்டேன். கை மடங்கி நின்றதற்குக் காரணம் கட்டியவர் இல்லை, நான்தான். வீட்டில் கண்டுபிடித்தபோது எலும்பு தன் இஷ்டத்துக்குக் கூடியிருந்தது.

முப்பது வருடம் கழித்து ஒரு எலும்பு டாக்டரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பிள்ளைகள் கையை ஊன்றி விழும்போது முழங்கைக்கு மேலே உடைவதுதான் ரொம்பப் பயப்பட வேண்டிய இடம் என்றார். கைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் அங்கே எலும்பை ஒட்டியே போகின்றனவாம். அவர் சொன்னதை எங்கள் கொட்டகைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன், ஏனென்றால் தறி வேலையில் கை கால் அடிபடுவது புதிதில்லை. உடைந்த இடத்தை இழுக்கவோ நீவிவிடவோ கூடாது. எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே அட்டையோ மடித்த நோட்டுப் புத்தகமோ வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டித் தொங்கல் போட வேண்டும். கட்டிய பிறகு விரல் நகத்தை அமுக்கிப் பார்க்க வேண்டும். வெளுத்த நகம் இரண்டு விநாடியில் சிவக்க வேண்டும். விரல் சில்லென்று ஆனாலும், நீலம் பாரித்தாலும், மரத்துப்போனாலும், வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலும், கட்டியவர் யாராக இருந்தாலும் சரி, கட்டைத் தளர்த்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சில மணி நேரம் ரத்தம் போகாவிட்டால் சதை செத்துவிடும், கை கை மாதிரியே இருக்காது. எலும்பு வெளியே தெரிந்தால் நேரே ஆஸ்பத்திரி, வேறு பேச்சே கிடையாது. எனக்கு மடங்கின கையோடு போனது அதிர்ஷ்டம்.

சரி, கை கதை போதும். ஆளைப் பற்றிப் பேசுகிறேன்.

மதுரையில் அப்பாவின் அரிசி மில்லைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். நிறம் கறுப்பு, பின்னணி கிடையாது. 1979-இல் முதல் படம், 1981-இல் ‘சட்டம் ஒரு இருட்டறை’. அங்கிருந்து வண்டி பிடித்தது. 1984-இல் மட்டும் பதினெட்டுப் படங்கள் என்பார்கள். பதினெட்டும் தேறுமா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் அதே 1984-இல்தான் ‘வைதேகி காத்திருந்தாள்’ வந்தது. அடிதடிக்காரர் என்று முத்திரை குத்தப்பட்டவர் அதில் ஊர்க்கோடியில் சோகத்தோடு கிடக்கிற வெள்ளைச்சாமி. என் அம்மா பார்த்த விஜயகாந்த் படம் அது ஒன்றுதான். அம்மாவுக்கு அவர் கடைசிவரை வெள்ளைச்சாமிதான், கேப்டன் இல்லை.

சண்டைக்காரராக அவருடைய உச்சம் எது என்றால் என் கட்சி 1986-இல் வந்த ‘ஊமை விழிகள்’. இதை எங்கள் தெருவில் சொன்னால் சண்டை வரும், எல்லோருக்கும் 1991-தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்த பையன்கள் எடுத்த படம். பெரிய ஹீரோக்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காத காலம். அதில் இவர் தலை நரைத்த போலீஸ் அதிகாரியாக வந்தார். வயதான வேஷம், கூடவே பல பேர் கதையைத் தூக்குகிறார்கள், இவர் அதில் ஒருவர். அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பெரிய ஸ்டண்ட். நான்கு வருடம் கழித்து ‘புலன் விசாரணை’யில் ஆர்.கே. செல்வமணி என்ற புது இயக்குநருக்கு வாய்ப்புக் கிடைத்ததும், அவரே நூறாவது படத்தை இயக்கியதும் அதே வழியில் வந்தவைதான்.

உடம்பு வாகு என்று பார்த்தால் அவர் ஒல்லியாகப் பறக்கிறவர் இல்லை. கனமான ஆள். அதனால்தான் அவர் காலைத் தூக்கும்போது கண் நம்பியது. பல சண்டைகளை டூப் போடாமல் அவரே செய்தார் என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பார்க்கிறவனுக்கும் அது தெரியும். முகத்தை மறைக்கக் கேமரா முதுகுப்பக்கம் ஓட வேண்டியதில்லை, ஒரே ஷாட்டில் ஓட்டமும் உதையும் முகமும் இருக்கும். சண்டைக்காட்சியை ரசிக்க நான் கற்றுக்கொண்ட ஒரு சின்ன வழி: அடி விழுகிற நேரத்தில் ஷாட்டை எத்தனை தடவை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். வெட்டு குறைவாக இருந்தால் அங்கே யாரோ உண்மையில் வேர்த்திருக்கிறார்கள்.

பின்னாளில் வந்த சில படங்களில் அவர் புள்ளிவிவரமாகப் பேசிக்கொண்டே போவதை நானும் பொறுத்துக்கொண்டுதான் பார்த்தேன். ரசிகன் என்பதற்காக அதையும் உச்சம் என்று சொல்ல முடியாது. 2002-இல் ‘ரமணா’ வந்து அந்தக் கடனை எல்லாம் அடைத்துவிட்டது. அதில் அவர் குரலே உயர்வதில்லை.

அந்தப் படத்தால் எனக்கும் பக்கத்துத் தறிக்காரருக்கும் நடந்த வாய்ச்சண்டை இன்னும் முடியவில்லை. அவர் வீட்டில் தெலுங்கு, சிரஞ்சீவி பக்தர். 2003-இல் ‘டாகூர்’ பார்த்துவிட்டு வந்து, இப்படி ஒரு கதையை உங்கள் ஆட்களால் யோசிக்க முடியுமா என்றார். அது ‘ரமணா’வின் ரீமேக் என்று நான் பொறுமையாகச் சொன்னேன். 1981-இல் சிரஞ்சீவி நடித்த ‘சட்டானிகி கள்ளு லேவு’? ‘சட்டம் ஒரு இருட்டறை’. வெங்கடேஷின் ‘சின்னராயுடு’? ‘சின்ன கவுண்டர்’. ராஜசேகரின் ‘மா அன்னய்யா’? ‘வானத்தைப்போல’. ஒவ்வொன்றாக விரலை மடக்கிக்கொண்டே வந்தேன். மனிதர் தறி நாடாவில் நூல் தாரை மாற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: “கத மீதி, கலெக்‌ஷன் மாதி, பாவா.” கதை உங்களது, வசூல் எங்களது. எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

ஆனால் எல்லையில் இருக்கிற எங்களுக்கு அவரிடம் ஒட்டுதல் வந்ததற்கு வேறு காரணம் உண்டு. 150-க்கும் மேல் படங்கள், எல்லாம் தமிழ். வேற்று மொழியில் அவர் நேரடியாக நடிக்கவேயில்லை. இத்தனைக்கும் அவருடைய குடும்பம் தெலுங்கு வேர் கொண்டது. வீட்டில் தெலுங்கு மரபு, வெளியே தமிழ் அவருக்கு. வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு எங்களுக்கு. கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரிகிற மாதிரி. அவர் யாரிடமும் இதைப் பெருமையாகவோ வருத்தமாகவோ விளக்கிக்கொண்டிருக்கவில்லை. வேலை எந்த மொழியிலோ அந்த மொழியில் முழுசாக இருந்தார். தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் ‘அரவாடு’, அதாவது தமிழன், என்று கிண்டல் கேட்டு வளர்ந்த பையனுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம் என்று சொல்லத் தெரியவில்லை.

மன்றம் வைத்திருந்தோம். பதிவெல்லாம் கிடையாது, ஒரு பலகை, ஏழு பேர். ஆகஸ்ட் 25 அவர் பிறந்தநாள். ஒரு வருடம் பேனருக்காக அம்மாவின் கம்மலை அடகு வைத்தேன். மீட்க எட்டு மாதம் ஆனது, அம்மா எட்டு மாதமும் காதில் வேப்பங்குச்சி போட்டுக்கொண்டு திரிந்தார். அந்த வேப்பங்குச்சியைப் பார்த்த பிறகு பேனர் நின்றது. அடுத்த வருடத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தெருப் பிள்ளைகளுக்குத் தமிழ் அரிச்சுவடியும் சிலேட்டும் வாங்கிக் கொடுத்தோம். மன்றம் நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பணத்தை ஒருவர் கையிலும் கணக்கை இன்னொருவர் கையிலும் வையுங்கள். எங்கள் ஏழு பேர் சிநேகிதம் இன்னும் உடையாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

2005-இல் மதுரையில் அவர் கட்சி தொடங்கினார், 2011-இல் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ரசிகர்கள் அதில் ஏறி இறங்கி, சண்டை போட்டு, மனம் கசந்து போனார்கள். எங்களுக்கு அங்கே ஓட்டே இல்லை. அதனால் நடிகரை நடிகராகவே வைத்துக்கொள்ள முடிந்தது. எல்லையில் பிறந்ததில் கிடைத்த சில லாபங்களில் இதுவும் ஒன்று.

2023 டிசம்பர் 28 காலையில் செய்தி வந்தது. மறுநாள் ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் விடியற்காலை ரயில் ஏறினேன். சென்ட்ரலில் இறங்கித் தீவுத்திடலுக்கு நடந்தேன். நடந்தேன் என்று சொல்வது சரியில்லை, கூட்டம் கொண்டுபோய்ச் சேர்த்தது. தூரத்திலிருந்து ஒரு பார்வை, அவ்வளவுதான். எனக்கு நினைவில் நிற்பது வேறு. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர், சினிமாவில் லைட் தூக்கிய ஆள். அழவில்லை. தன்பாட்டில் பேசிக்கொண்டு வந்தார். “அதுக்கு முன்னாடி எங்களுக்குப் பொட்டலச் சோறு, புளி சாதமோ எலுமிச்சை சாதமோ. அவருகிட்ட வேலை செஞ்சா அவரு தட்டுல என்னவோ அதான் எங்க தட்டுல.” தி.நகர் ராஜாபாதர் தெருவில் அவருடைய அலுவலகத்தில் பசித்துப் போனவர்களுக்கெல்லாம் சாப்பாடு கிடைத்தது என்பதை நானும் எத்தனையோ பேட்டிகளில் கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். சாப்பிட்ட வாயிலிருந்து கேட்டது அன்றுதான் முதல் தடவை. அந்த வரிசையில் எனக்குக் கேப்டன் ஞாபகம் வரவில்லை, என் கொட்டகை ஞாபகம் வந்தது. எட்டுத் தறி, ஆறு பேர். மதியம் அவர்கள் தூக்குச்சட்டியைத் திறக்கிற நேரத்தில் நான் வீட்டுக்குள் போய்விடுவேன்.

தை பிறந்ததும் கொட்டகையில் மதியச் சாப்பாடு ஆரம்பித்தேன். சோறு, ஒரு குழம்பு, ஒரு பொரியல், மோர். புதன்கிழமை முட்டை. முதல் வாரம் எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்தேன். சனிக்கிழமை மூத்த தறிக்காரர் கை கழுவிக்கொண்டே கேட்டார், “மொதலாளி, உள்ள என்ன கொழம்பு?” அன்றைக்கு உள்ளே கருவாட்டுக் குழம்பு, கொட்டகையில் பருப்பு. நான் ஐந்து நாளும் அவர்களுக்குப் பரிமாறிவிட்டு உள்ளே போய்த்தான் சாப்பிட்டிருக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து பாயில் அவர்களோடு உட்கார்ந்தேன். கேள்வி அதோடு நின்றது.

இரண்டாவது தவறை வீட்டுக்காரி பிடித்தாள். “சோறு போடற புண்ணியம் உங்களுக்கு, மாவாட்டற கை எனக்கா? உங்க கேப்டன் பொண்டாட்டியவா சமைக்கச் சொன்னாரு?” நியாயம்தான். அடுத்த தெருவில் ஓர் அக்காவுக்கு மாதச் சம்பளம் பேசிச் சமையலை அங்கே மாற்றினேன். இதைச் செய்ய நினைக்கிற சின்ன முதலாளிகள் முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள், அரிசிக் கணக்கை அப்புறம் போடலாம். என் கொட்டகையில் ஒரு தலைக்கு ஒரு வேளைக்கு நாற்பது ரூபாய்க்குள் முடிகிறது. முன்பு சாப்பிட வீட்டுக்குப் போகிறவர்கள் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகும், தறி சும்மா நிற்கும். இப்போது முக்கால் மணியில் தறி ஓடுகிறது. ஆகவே கையிலிருந்து போவது நான் பயந்த அளவுக்கு இல்லை. லாபம் என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

2025 ஆகஸ்டில் அந்த நூறாவது படத்தைப் புதுப் பிரிண்டாக மறுபடி வெளியிட்டார்கள். மகளை அழைத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போனேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது, ஜூடோ கற்றுக்கொள்கிறாள். முதல் மூன்று மாதம் அவள் மாஸ்டர் விழுவதைத் தவிர வேறு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. தாடையை நெஞ்சோடு சேர்க்கணும், கையை ஊன்றக் கூடாது, தோளில் உருண்டு எழுந்துவிடணும். மாதச் சம்பளம் கட்டிக்கொண்டு என்னய்யா விழப் பழகுகிறார்கள் என்று நானே ஒரு நாள் முணுமுணுத்திருக்கிறேன். என் கையை வைத்துக்கொண்டு அப்படி முணுமுணுக்க எனக்கு வெட்கமில்லை, பாருங்கள்.

தியேட்டரில் பாதிப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் என் வயசு. மகள் கத்தவில்லை, விசிலடிக்கவில்லை. சண்டை வரும்போதெல்லாம் முன்னால் சாய்ந்து ஆட்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் திரும்பும் பஸ்ஸில் என் இடது கையை எடுத்து மடியில் வைத்து, நீட்டிப் பார்த்தாள். வழக்கமான இடத்தில் நின்றது.

“நைனா, இது தறியில அடிபட்டதில்லதானே?”

“இல்ல.”

“எந்தச் செவுரு?”

வீட்டுக்கு வந்ததும் கொட்டகையின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இப்போது அங்கே நூல் மூட்டை அடுக்கி வைத்திருக்கிறோம். அவள் மூட்டைக்கு மேலே எட்டிச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள். உள்ளங்கையில் சுண்ணாம்பு ஒட்டியது. “இது வழுக்கும் நைனா” என்று சொல்லிப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.